மாறாத எண்ணுக்கு ஒரு மனு

ராஜபாளையத்தில் ஆறு தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருந்த தேவஇரக்கத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு வரை தன் ரத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் கிருபை ஆஸ்பத்திரிக்குத் துணி இறக்கப் போன ஒரு நாள், உள்ளே ஒருவருக்கு அவசரமாக ரத்தம் வேண்டியிருந்தது. வாசலில் நின்றவர்களையெல்லாம் குத்திப் பார்த்தார்கள். தேவஇரக்கத்தைக் குத்திப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஓ நெகட்டிவ். நூறு பேரைக் குத்தினால் ஒன்றிரண்டு பேருக்கு இருந்தால் அதிசயம்.

அன்றிலிருந்து ஒன்பது வருஷத்தில் இருபத்தேழு தடவை கொடுத்திருந்தார். பிரசவ வார்டில் போனுக்கு மேலே சுவரில் சிவப்புப் பெயிண்டில் '264' என்று எழுதிவைத்திருந்தார்கள். பெயர்கூடப் போடவில்லை. ராஜபாளையம் எக்ஸ்சேஞ்சில் அந்த மூன்று இலக்கமே போதும். ஆபரேட்டர் ஜயலக்ஷ்மிக்கு ஆஸ்பத்திரி லைன் என்று தெரிந்தால் மற்ற பேச்சையெல்லாம் நிறுத்திவிட்டு 264-ஐக் கொடுப்பார். தேவஇரக்கம் வீட்டில் இல்லையென்றால் நூல்கடைக்கு அடிப்பார். அங்கேயும் இல்லையென்றால் சர்ச்சுக்கு அடிப்பார். ஒரு தடவை சலூனில் பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தவரைப் பக்கத்துக் கடை போனில் பிடித்திருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் பதினோரு கிலோமீட்டர்தான். பஸ்ஸோ லாரியோ, அரைமணிக்குள் போய்ச் சட்டைக் கையை மடக்கிவிடுவார்.

தொண்ணூற்றொன்றாம் வருஷக் கடைசியில் டெலிபோன் இலாகாவிலிருந்து ஓர் அட்டை வந்தது. சந்தாதாரர்களின் வசதிக்காக எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வருகிறது, ஆபரேட்டர் இல்லாமல் தாங்களே சுழற்றிப் பேசலாம், எண்கள் எல்லாம் ஐந்து இலக்கமாக மாறும், புது எண் உரிய காலத்தில் தெரிவிக்கப்படும் என்று அதில் இருந்தது.

மனைவி அருள்செல்வி அட்டையைப் படித்துவிட்டு, "அப்பம் ஆஸ்பத்திரிச் சொவரு?" என்றாள்.

அந்தக் கேள்வியோடுதான் தேவஇரக்கம் மறுநாள் இலாகாவின் ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்துக்குப் போனார். கவுண்ட்டரில் இருளப்பசாமி என்ற கிளார்க் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. இருபது வருஷமாக ஃபாரங்களுக்கு நடுவில் இருந்தவர், அவ்வளவுதான்.

"நம்பரு மாத்தணுமா?"

"மாத்தக் கூடாது சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"மாத்துததுக்குத்தான் ஃபாரம் இருக்கு. மாத்தாம இருக்கதுக்கு ஃபாரம் கிடையாதே."

"அப்பம் என்ன செய்யட்டும்?"

"மொதல்ல மாறட்டும். மாறின பொறவு, புது நம்பர்லருந்து பழைய நம்பருக்கு மாத்தித் தாங்கன்னு இதே ஃபாரத்துல எழுதிக் குடுங்க."

"அப்பம் பழைய நம்பரு இருக்குமா?"

"அது எப்படி இருக்கும்? மூணு இலக்கமே ஒழிஞ்சு போயிருமே." இருளப்பசாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்காவ சொல்லுதேன். இப்பம் எழுதுனா செல்லாது. பொறவு எழுதுனா கிடைக்காது. இடையில ஒருநாள் வரும். அது என்னைக்குன்னு எங்களுக்கே தெரியாது."

ஜயலக்ஷ்மிதான் ஒரு வழி சொன்னார். புது எண்கள் இரண்டிலோ மூன்றிலோ ஆரம்பிக்கப் போகின்றன. 264-க்கு முன்னால் 22 சேர்த்து 22264 என்று கேட்டு வாங்கினால், ஆஸ்பத்திரிக்காரர்கள் பெயிண்ட்டில் இரண்டு இலக்கம் கூட்டினால் போதும். பழக்கப்பட்ட எண்ணும் மறக்காது. "அதிகாரியை நேர்ல பாருங்கோ. நல்லாப் பேசுவார்," என்றார் ஜயலக்ஷ்மி. பிறகு, "பேசறதுல ஒரு குறையும் இருக்காது," என்று சேர்த்துக்கொண்டார்.

அதிகாரி ஸுந்தரராஜன் உண்மையாகவே நன்றாகப் பேசினார். மேஜையில் மூன்று போன்கள் இருந்தன. மூன்றின் ரிசீவரையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தேவஇரக்கம் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"உங்கள் ரத்தம் உங்களுடையது," என்றார். "எண் அரசாங்கத்துடையது. உங்கள் ரத்தத்தில் இலாகா என்றைக்காவது தலையிட்டிருக்கிறதா?"

"இல்ல சார்."

"அதே மரியாதையை இலாகா உங்களிடம் எதிர்பார்க்கிறது. ஆனாலும் நான் மனிதாபிமானம் உள்ளவன். மருத்துவக் காரணம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் போடலாம். உங்களுக்கு என்ன வியாதி?"

"ஒண்ணும் இல்ல சார்."

"இருதயம்?"

"நல்லா இருக்கு."

"சர்க்கரை? ரத்தக் கொதிப்பு?"

"இருந்தா எங்கிட்ட ரத்தம் எடுக்க மாட்டாவளே சார்."

ஸுந்தரராஜன் வருத்தத்தோடு நாற்காலியில் சாய்ந்தார். "வியாதியே இல்லாதவருக்கு மருத்துவக் காரணம் எப்படிப் பொருந்தும்?"

"வியாதி எனக்கு இல்ல சார். அங்க படுத்துக் கெடக்கவங்களுக்கு."

"அவர்கள் சந்தாதாரர்களா?"

"அடுத்தாப்ல யாருக்கு வேணும்னு இப்பமே எப்படி சார் தெரியும்?"

"ஆக," என்று அதிகாரி விரலை மடக்கினார், "பெயர் தெரியாத, சந்தாதாரர் அல்லாத, இன்னும் நோயில் விழாத நபர்களின் நலனுக்காக நீங்கள் மனு கொடுக்கிறீர்கள். என் இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு மனுவைப் பார்த்ததில்லை. நிராகரிக்க மாட்டேன். இது நிராகரிப்பதற்கான எந்தப் பிரிவிலும் வரவில்லை."

மனுவோடு இரண்டு சான்றிதழ் வேண்டும் என்றார். ஒன்று, மனுதாரரின் ரத்த வகை இடைப்பட்ட காலத்தில் மாறவில்லை என்பதற்கு. இன்னொன்று, அதே ரத்தம் உள்ள வேறு சந்தாதாரர் அந்த எல்லைக்குள் இல்லை என்பதற்கு. முதல் சான்றிதழைக் கேட்டதும் கிருபை ஆஸ்பத்திரி டாக்டர் சிரித்தார். தேவஇரக்கம் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதற்காக கிராம அதிகாரியிடம் போனபோது, "ஊர்ல போன் வச்சிருக்கவங்களையெல்லாம் ஊசி எடுத்துக்கிட்டுப் போயி குத்தச் சொல்லுதேளா?" என்று அவர் கோபித்துக்கொண்டார். ஆறு தடவை நடந்த பிறகு, 'என் அறிவுக்கு எட்டியவரை' என்று ஆரம்பித்து ஒரு தாள் கொடுத்தார்.

ஜனவரியில் எண் மாறியது. தேவஇரக்கத்துக்கு 31807 கிடைத்தது. மனு பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அவர் காத்திருக்கவில்லை. பஸ் ஏறிக் கிருபை ஆஸ்பத்திரிக்குப் போய், பிரசவ வார்டு நர்ஸ் வேதமணியிடம் புது எண்ணைச் சொன்னார். வேதமணி பெயிண்டரை வரவழைத்து, 264-ஐ அழித்து 31807 என்று தன் கண்முன்னால் எழுதவைத்தார். எழுதினதும் ஒரு தடவை சுழற்றிப் பார்த்தார். பதினோரு கிலோமீட்டருக்கு அப்பால் அருள்செல்வி எடுத்து, "யாரு?" என்றாள். "சும்மாதாங்க்கா, கேக்குதான்னு பாத்தேன்," என்றார் வேதமணி. நன்றாகக் கேட்டது.

ஒரு நாள் பழைய பழக்கத்தில் யாரோ 264 சுழற்றினால் என்ன ஆகும் என்று தேவஇரக்கம் தானே சுழற்றிப் பார்த்தார். ஒரு பெண் இந்தியில் பேசினாள். பிறகு அதே பெண் இங்கிலீஷில், இந்த எண் மாற்றப்பட்டுவிட்டது, தயவுசெய்து புதிய டைரக்டரியைப் பார்க்கவும் என்றாள். புதிய டைரக்டரி அச்சில் இருந்தது. தமிழில் ஏன் சொல்லவில்லை என்று இருளப்பசாமியிடம் கேட்டார். "தமிழ்க் குரலுக்குக் கமிட்டி போட்டிருக்கு," என்றார் அவர். "நம்ம ஊர்ப் பாட்டு டீச்சர் ஒருத்தவங்க பேசிக் காட்டுனாவ. குரல்ல வருத்தம் தெரியுதுன்னு தள்ளிட்டாவ. நம்பர் மாறினதுல இலாகாவுக்கு வருத்தம் கெடையாதுல்லா."

எக்ஸ்சேஞ்ச் ஜனவரியிலேயே ஓட ஆரம்பித்துவிட்டாலும் அதற்குத் திறப்புவிழா ஏப்ரலில்தான் வைத்தார்கள். மதுரையிலிருந்து வரவேண்டிய பெரிய அதிகாரிக்கு அப்போதுதான் ஒழிவு கிடைத்தது. ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்திருந்தார்கள். இரண்டு நாளைக்கு முன்னால் ஸுந்தரராஜனே ஆளனுப்பித் தேவஇரக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்.

"பயனடைந்த சந்தாதாரர் என்று ஐந்து பேரை மேடையில் உட்காரவைக்கிறோம். நீங்கள் ஒருவர். ஒன்பது மணிக்கு வந்துவிட வேண்டும். உங்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன்."

போன் கிட்டே இருக்கவேண்டியவர் போவதா என்று அருள்செல்வி யோசித்தாள். "நீ வீட்ல இருக்கேல்லா. போன் வந்தா மண்டபத்துக்கு ஆளனுப்பு. நடந்தா பத்து நிமிஷம்," என்று சொல்லிவிட்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார் தேவஇரக்கம்.

ஒன்பது மணிக்கு உட்கார்ந்தார். பெரிய அதிகாரி பதினொன்றரைக்கு வந்தார். செய்ய வேலை இல்லாமல் இலாகாவிலேயே இருந்த ஆபரேட்டர்கள் எட்டுப் பேரை வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தியிருந்தார்கள். ஜயலக்ஷ்மியும் பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தார்.

முதலில் செய்முறை விளக்கம். மேடையின் இந்தக் கோடியில் ஒரு போன், அந்தக் கோடியில் ஒரு போன். பெரிய அதிகாரி இங்கிருந்து சுழற்றினார். பன்னிரண்டடி தள்ளி ஸுந்தரராஜன் எடுத்தார்.

"கேட்கிறதா?"

"மிகத் தெளிவாகக் கேட்கிறது ஐயா."

மண்டபம் கைதட்டியது. பிறகு ஸுந்தரராஜன் மைக்குக்கு வந்தார்.

"முன்பெல்லாம் ஒரு அழைப்பு போய்ச் சேர வேண்டுமானால் நடுவில் ஒரு மனிதர் இருக்க வேண்டும். அவருக்குத் தூக்கம் வரும், பசி வரும், இரக்கம் வரும். சிலருக்கு முந்திக் கொடுப்பார், சிலருக்குப் பிந்திக் கொடுப்பார். இன்று அந்தக் குறை நீங்கிவிட்டது. நடுவில் யாருமே இல்லை. புதிய எந்திரத்துக்கு யார் கூப்பிடுகிறார்கள், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்ற வித்தியாசமே தெரியாது. இதைவிடச் சமத்துவம் உண்டா?" கைதட்டல் அடங்கும் வரை நிறுத்தினார். "அதே சமயம் இலாகாவுக்கு இதயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ரத்ததானம் செய்யும் திரு. தேவஇரக்கம் தன் பழைய எண்ணை ஒட்டிய எண்ணைக் கேட்டு மனுக் கொடுத்தார். நான்கு மாதம் அந்தக் கோப்பை எங்கள் அலுவலகம் குழந்தைபோல் வளர்த்தது. இன்று காலை சரியாகப் பத்து மணி முதல் அவருடைய எண் 22264. அவருக்கே தெரியாது. இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தோம்."

பெரிய அதிகாரி எழுந்து, 22264 என்று எழுதிய தட்டியைக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். தேவஇரக்கம் தட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டது கிடைத்த சந்தோஷம் ஒரு கணம் இருந்தது. மறுகணம், பத்து மணியிலிருந்து இப்போது வரைக்கும் 31807 என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் மணி கேட்டார். பன்னிரண்டு பத்து.

அதற்குள் நடந்திருந்ததை அவர் பின்னால் ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டார். தேவதானத்திலிருந்து வந்திருந்த வெள்ளத்தாய்க்கு அன்று காலை பத்தேகாலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருபத்து மூன்று வயது. முதல் பிரசவம். பத்தரைக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்தது. அவளுக்கும் ஓ நெகட்டிவ். வேதமணி 31807 சுழற்றினார். இந்தியில் ஒரு பெண் பேசினாள். தப்பாகச் சுழற்றிவிட்டோம் என்று மறுபடி சுழற்றினார். ஏழு தடவை. ஏழாவது தடவை அந்தக் குரலோடு வேதமணி சண்டை போட்டதாக ஆயா சொன்னாள். எக்ஸ்சேஞ்சுக்கு அடித்தால் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் மண்டபத்தில் இருந்தார்கள்.

மதுரைக்கு ரத்தத்துக்குக் கார் அனுப்பிவிட்டு, வாட்ச்மேன் சூசையை ராஜபாளையம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். சூசை வீட்டைத் தேடிப் பிடித்து, அருள்செல்வி சொல்லி, மண்டபத்துக்கு ஓடிவந்தபோது பதினொன்றே முக்கால். வாசலில் இருளப்பசாமி நின்றார்.

"அழைப்பிதழ்?"

"ஆஸ்பத்திரில இருந்து வாரேன் சார். தேவஇரக்கம் அய்யாவைக் கூப்பிடணும். ஒரு பிள்ளை சாவக் கெடக்கு."

இருளப்பசாமி பதறித்தான் போனார். ஆனால் விழா நடக்கும்போது யாரையும் உள்ளே விடக் கூடாது. ஒரு தாளில் 'தேவஇரக்கம் உடனே வரவும், அவசரம்' என்று எழுதி மேடைக்குக் கொடுத்தனுப்பினார். மேடையில் அதை வாங்கிய ஸுந்தரராஜன், பொதுமக்கள் கொடுக்கும் மனு என்று எண்ணி மனுத்தட்டில் போட்டார். அதில் ஏற்கெனவே பதினாறு மனு இருந்தது. வரிசைப்படி எடுப்பார்கள்.

சூசை வாசலில் நின்று அழ ஆரம்பித்த பிறகுதான் ஜயலக்ஷ்மி என்னவென்று கேட்டார். கேட்டவர் செம்பைக் கீழே வைத்தார். யாரிடமும் சொல்லாமல் நடுவழியாக நடந்துபோய், மேடையில் ஏறி, போட்டோக்காரரைத் தாண்டி, "உங்களை ஆஸ்பத்திரிலேர்ந்து தேடறா. ஓடுங்கோ," என்றார். இந்தக் காரியத்துக்காக அவருக்குப் பின்னால் மெமோ வந்தது.

தேவஇரக்கம் தட்டியோடு இறங்கினார். "நன்றியுரை இருக்கிறது," என்று ஸுந்தரராஜன் பின்னாலிருந்து சொன்னது கேட்டது.

சிமெண்ட் லாரி ஒன்றில் ஏறிப் போனார்கள். கிருபை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே அவர் சட்டைக் கையை மடக்கியிருந்தார். பிரசவ வார்டுக் கதவருகே வேதமணி சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் கையைப் பார்த்துவிட்டு, "எறக்கி விடுங்கண்ணே," என்றார். "பன்னெண்டரைக்குப் போயிட்டா."

உள்ளே எங்கோ குழந்தை அழுதுகொண்டிருந்தது. வெள்ளத்தாயின் புருஷன் ஆண்டிச்சாமி தரையில் உட்கார்ந்திருந்தான். தேவதானத்தில் பிறத்தியார் வயலில் வேலை செய்கிறவன். இவரை நிமிர்ந்து பார்த்து, "நீங்கதானா அது?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்வியில் கோபம் ஒன்றும் இல்லை. அதைத் தேவஇரக்கத்தால் தாங்க முடியவில்லை.

புகாரை எழுதியது தேவஇரக்கம். கைநாட்டு ஆண்டிச்சாமியுடையது. விசாரணை ஸுந்தரராஜனிடமே வந்தது. விஷயம் முழுக்கத் தெரிந்தவர் அவர்தான் என்று மேலிடம் கருதியிருந்தது. ஆண்டிச்சாமி துண்டில் சுற்றிய குழந்தையோடு நின்றான். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"அன்றைய பதிவுகளை வரவழைத்துப் பார்த்தேன்," என்றார் ஸுந்தரராஜன். "ஆஸ்பத்திரியிலிருந்து 31807-க்கு ஏழு அழைப்புகள். ஏழும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஏழுக்கும் எந்திரம் பதில் சொல்லியிருக்கிறது. ஒன்றுகூடத் தவறவில்லை. பழைய எக்ஸ்சேஞ்சில் இப்படி நடந்திருக்குமா?"

"நடந்திருக்காது சார்," என்றார் தேவஇரக்கம்.

"நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்."

"நான் கேட்ட நம்பரைக் குடுத்தீங்க. குடுக்கப் போறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மொத நாளே போயி எழுதிப் போட்டிருப்பேன்."

"சொல்லியிருந்தால் அது இன்ப அதிர்ச்சி ஆகுமா?" ஸுந்தரராஜன் உண்மையான மனத்தாங்கலோடு கேட்டார். "உங்களுக்கு நல்லது செய்யப்போய் எனக்கு இந்தப் பேர். சரி, போகட்டும்." ஆண்டிச்சாமி பக்கம் திரும்பினார். "உமக்குப் போன் உண்டா?"

"இல்லீங்க."

"அன்றைக்கு யாருக்காவது போன் செய்தீரா?"

"எனக்குப் பேசத் தெரியாதுங்க."

"அப்படியானால் நீர் பாதிக்கப்பட்டவர் ஆகமாட்டீர். இதில் பாதிக்கப்பட்டவர் யார்?"

"எம் பொண்டாட்டிங்க."

"அவர் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும்."

"அவ செத்துட்டாங்க."

"அது புகாரில் இருக்கிறது. நான் மறுக்கவில்லை," என்றார் ஸுந்தரராஜன் மென்மையாக. "ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்று. மூன்று வாய்தா கொடுப்போம்."

வெளியே வந்தபோது ஆண்டிச்சாமி, "அண்ணாச்சி, இப்பம் அவிய என்ன சொன்னாவ?" என்று கேட்டான். "பொறவு கடுதாசி போடுவாவளாம்," என்றார் தேவஇரக்கம். குழந்தை பசியில் வீரிட்டது. இருவரும் பால் கிடைக்கும் கடையைத் தேடிப் போனார்கள்.

அதற்குப் பிறகு தேவஇரக்கம் போனை நம்பவில்லை. தறியை அருள்செல்வி பார்த்துக்கொண்டாள். அவர் காலை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். பேசுவது குறைந்துவிட்டது. "எம்புட்டு நாளைக்குண்ணே இப்படி?" என்று வேதமணி கேட்டால், "செத்த நேரம் இருந்துட்டுப் போறேன்," என்பார்.

ஆகஸ்டில் ஒரு நாள், குழந்தைக்கு ஊசி போட வந்த ஆண்டிச்சாமி அந்தப் பெஞ்சுக்கு வந்தான். மடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தான். பிரிக்கவில்லை. கசங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தான்.

"வந்து நாலு நாளாச்சி. நீங்க வாசிச்சாத்தான் சரியா இருக்கும்னு வச்சிருந்தேன்."

தேவஇரக்கம் பிரித்தார். முத்திரை, எண், தேதி. கீழே டைப் அடித்திருந்தது: 'பார்வையில் கண்ட புகார் தொடர்பாக, பாதிக்கப்பட்ட நபரான திருமதி வெள்ளத்தாய் மூன்று வாய்ப்புகள் அளிக்கப்பட்டும் நேரில் ஆஜராகி வாக்குமூலம் அளிக்கத் தவறியதால், அவருக்குக் குறை ஏதுமில்லை எனக் கருதி இப்புகார் முடித்துவைக்கப்படுகிறது.'

இரண்டு தடவை மனசுக்குள் படித்தார்.

"என்ன போட்டிருக்காவ அண்ணாச்சி?"

"வருத்தப்படுதோம்னு போட்டிருக்காவ."

"நெசமாவா?"

"ஆமா."

"அம்புட்டுப் பெரிய ஆபீசுலயா?" ஆண்டிச்சாமி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு குனிந்து பார்த்தான். "அவ பேரைப் போட்டா எழுதியிருக்காவ?"

"பேரைப் போட்டுத்தான்."

"எங்க இருக்கு? காட்டுங்க."

தேவஇரக்கம் காட்டினார். ஆண்டிச்சாமி விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் மெதுவாக வைத்தான். வெகுநேரம் எடுக்கவில்லை.

"முழுசும் வாசிங்க," என்றான். "பிள்ளையும் கேக்கட்டும்."

தேவஇரக்கம் தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அதில் இல்லாத வரிகளை, ஒன்றன் பின் ஒன்றாக, நிறுத்தி நிறுத்தி வாசிக்க ஆரம்பித்தார்.